இன்ஸ்டன்ட் ஃபிலிமில் பின்ஹோல் கேமரா: எந்த ஃபிலிம், எந்தப் பெட்டி?

லென்ஸுக்குப் பதில் ஊசித்துளை வழியே படம் எடுக்கும் பின்ஹோல் கேமராவுக்குத் துளை போடுவது அரை மணி நேர வேலை. பெட்டி ஒட்டி முடிக்க ஒரு சாயங்காலம் போதும். அதில், எடுத்த சில நிமிடங்களில் தானே படமாகும் இன்ஸ்டன்ட் ஃபிலிமைப் போடும்போது சிக்கல் வேறு இரண்டு இடங்களில் வருகிறது. ஒளி பட்ட தாளை உருளைகளுக்கு நடுவே சீராக இழுத்து வெளியே எடுப்பது எது? 800 ஐஎஸ்ஓ வேகமுள்ள (ஐஎஸ்ஓ எண் கூடக் கூட ஒளியை உணரும் திறன் கூடும்) ஃபிலிமைக் கொளுத்தும் வெயிலில் எப்படி அடக்குவது? ஃபிலிம் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் படத்தின் அளவையும் விலையையும்தான் பார்க்கிறார்கள். இந்த இரண்டு கேள்விக்கும் முதலில் பதில் தேடிக்கொண்டு வாங்கினால் முதல் பேக்கிலேயே பார்க்கத்தக்க படம் கிடைக்கும்.

தாளுக்குள் நடப்பது

ஃபியூஜியின் இன்ஸ்டாக்ஸ், போலராய்டு ஆகிய இரண்டு இன்ஸ்டன்ட் ஃபிலிமிலும் ஒவ்வொரு தாளின் அகலமான வெள்ளை ஓரத்துக்குள் ஒரு சிறு ரசாயனப் பை இருக்கிறது. கேமராவின் கொக்கி தாளை உருளைகளுக்கு நடுவே தள்ளுகிறது. முதலில் உருளைக்குள் போவது அந்தப் பை உள்ள ஓரம்தான். பை உடைந்து, உள்ளிருக்கும் குழம்பு தாளின் அடுக்குகளுக்கு நடுவே மயிரிழைத் தடிமனில் பரவுகிறது. உருளைகளின் இடைவெளியும் ஓடும் வேகமும் மாறாமல் இருப்பதால்தான் அது எங்கும் ஒரே அளவாகப் பரவுகிறது.

“ரோலர் எதற்கு, பூரிக்கட்டையால் உருட்டிவிடலாமே” என்ற யோசனை எல்லோருக்கும் வரும். செய்யலாம், படமும் வரும். ஆனால் கை அழுத்தம் இடத்துக்கு இடம் மாறுவதால் ஒரு பக்கம் குழம்பு தேங்கும், இன்னொரு பக்கம் எட்டவே எட்டாது. எட்டாத இடம் படமே இல்லாத திட்டாக நிற்கும். ஓரம் பிதுங்கிக் குழம்பு கசிந்தால் கையில் படக்கூடாது. அது தோலை அரிக்கும் கடுமையான காரப்பொருள் (ஆல்கலி). பட்டுவிட்டால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும், கண்ணுக்கு அருகில் கொண்டுபோகவே கூடாது. ஒன்றிரண்டு தாளில் பரிசோதனையாகச் செய்து பார்க்கலாம், ஒரு கேமராவையே அந்த முறையை நம்பிக் கட்ட வேண்டாம். இயங்கும் உருளை எங்கிருந்து வரும் என்பதே முதல் முடிவு.

தாளின் எந்தப் பக்கம் ஒளி படுகிறது என்பதும் முக்கியம். போலராய்டில் நாம் படத்தைப் பார்க்கும் முன்பக்கம்தான் ஒளியையும் வாங்குகிறது. அதனால் துளையிலிருந்து நேராக ஒளி விழுந்தால் படம் இடவலம் மாறி வரும். கடைப் பலகையில் உள்ள எழுத்தைக் கண்ணாடியில் வைத்துத்தான் படிக்க முடியும். போலராய்டு கேமராக்களுக்குள் சாய்வாக ஒரு கண்ணாடி இருப்பதன் காரணம் இதுவே. இன்ஸ்டாக்ஸ் பின்பக்கமாக ஒளியை வாங்கி முன்பக்கத்தில் படத்தைக் காட்டுகிறது. 1976-ல் கோடாக் கொண்டுவந்த இன்ஸ்டன்ட் ஃபிலிமும் இதே ஏற்பாடுதான். இதற்குக் கண்ணாடி தேவையில்லை, சாதாரணப் பெட்டியிலேயே எழுத்து நேராக விழும். வீட்டில் செய்கிறவர்களுக்கு இது பெரிய சலுகை.

ஃபிலிமில் எதை எடுப்பது

இன்ஸ்டாக்ஸ் மினியின் படப்பரப்பு 46 × 62 மி.மீ., ஸ்கொயர் 62 × 62, வைட் 99 × 62. மூன்றுமே 800 ஐஎஸ்ஓ, ஒரு கார்ட்ரிட்ஜில் 10 தாள், உள்ளே பேட்டரி கிடையாது. மினி நம்மூர்க் கடைகளிலும் எளிதாகக் கிடைக்கிறது, ஒரு படத்துக்கு ஆகும் செலவும் இதில்தான் குறைவு. துளையின் அளவு, நேரம் எல்லாம் கைக்குப் பிடிபடும்வரை ஒரு கார்ட்ரிட்ஜாவது சோதனைக்கே போய்விடும் என்பதால் இந்த வித்தியாசம் சிறியதல்ல. மினிக்குக் கறுப்பு வெள்ளைத் தாளும் உண்டு. நீண்ட நேர ஒளிபடுதலில் நிறம் சாய்கிற தொல்லை அதில் இல்லாததால் மாலை நேரப் படங்களுக்கு அதுவே நல்லது.

வைட் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் பின்ஹோலில் அகலமான படத்துக்கு ஒரு விலை உண்டு. துளையிலிருந்து மூலைக்குப் போகும் ஒளி சாய்ந்தும் தூரமாகவும் போவதால் மூலை இருண்டுவிடும். துளைக்கும் தாளுக்கும் 50 மி.மீ. தூரம் வைத்தால் வைட் தாளின் மூலையில் நடுவைவிட ஏறத்தாழ இரண்டரை ஸ்டாப் குறைவாக ஒளி விழும் (ஒரு ஸ்டாப் குறைந்தால் ஒளி பாதியாகும்). இன்ஸ்டாக்ஸுக்கு, ஸ்லைடு ஃபிலிம் போல, வெளிச்ச வித்தியாசத்தைத் தாங்கும் சக்தி குறைவு. இரண்டரை ஸ்டாப் குறைந்த இடம் கறுப்பாகவே நின்றுவிடும். தூரத்தை 80 மி.மீ. ஆக்கினால் மூலையில் இழப்பு ஒன்றேகால் ஸ்டாப்புக்கு வந்துவிடும், படமும் அகலமாகவே இருக்கும். மினிக்கு 60 மி.மீ. வைத்தால் மூலையில் ஒரு ஸ்டாப்தான் இழப்பு, அது கண்ணுக்கு இதமான மங்கலாகத் தெரியும். 40 மி.மீ.க்குக் குறைத்தால் இரண்டு ஸ்டாப்பை நெருங்கிவிடும். ஸ்கொயருக்கு 60 முதல் 65 மி.மீ. பொருத்தம்.

போலராய்டின் பெரிய சதுரத் தாளின் படப்பரப்பு ஏறத்தாழ 79 × 79 மி.மீ., ஒரு பேக்கில் 8 தாள். இதில் 600, ஐ-டைப், எஸ்எக்ஸ்-70 என்று மூன்று வகை. 600, ஐ-டைப் இரண்டும் 640 ஐஎஸ்ஓ. எஸ்எக்ஸ்-70 மட்டும் 160. 600, எஸ்எக்ஸ்-70 பேக்குகளுக்குள் தட்டையான 6 வோல்ட் பேட்டரி இருக்கிறது, பழைய கேமராவின் மோட்டாரை அதுதான் ஓட்டும். ஐ-டைப்பில் பேட்டரி இல்லை. விலை கொஞ்சம் குறைகிறதே என்று ஐ-டைப் வாங்கிப் பழைய 600 பெட்டியில் போட்டால் மோட்டார் அசையாது.

வெயிலில் உள்ள தமிழ்நாட்டுக்காரர் போலராய்டு எடுக்குமுன் ஒன்றைப் பார்க்க வேண்டும். அந்த நிறுவனம் சொல்லும் வெப்ப எல்லை 13 முதல் 28 டிகிரி செல்சியஸ். இன்ஸ்டாக்ஸுக்கு 5 முதல் 40. சித்திரை, வைகாசியில் சென்னையிலோ மதுரையிலோ யாழ்ப்பாணத்திலோ வெளியில் 28 டிகிரியை விடிகாலை தவிர மற்ற நேரத்தில் எதிர்பார்க்க முடியாது. சூட்டில் போலராய்டு நிறம் மஞ்சளாகவோ சிவப்பாகவோ சாயும், மாறுபாடு குறையும். ஊட்டி, கொடைக்கானல், நுவரெலியா என்றால் கவலையில்லை. சமவெளியில் இருப்பவர்கள் ஏசி அறைக்குள் எடுக்கும் படங்களுக்கும் மார்கழி, தை மாதக் காலை வேளைகளுக்கும் மட்டும் வைத்துக்கொள்ளலாம். உலக பின்ஹோல் புகைப்பட தினம் ஏப்ரல் கடைசி ஞாயிறு என்பதை நினைத்துப் பார்த்தால், இங்கே அந்த நாளுக்கு இன்ஸ்டாக்ஸே கைகொடுக்கும்.

உரித்தெடுக்கும் பேக் ஃபிலிமைப் பற்றிப் பழைய குறிப்புகளில் நிறையப் புகழ்ச்சி இருக்கும். புகழ்ச்சி நியாயமானதுதான். மோட்டாரே வேண்டாம், நாக்கைப் பிடித்து இழுத்தால் உருளை வழியே வந்துவிடும். ஆனால் ஃபியூஜியின் எஃப்பி-100சி உற்பத்தியை நிறுத்தும் அறிவிப்பு 2016-ல் வந்துவிட்டது. இப்போது கிடைப்பவை காலாவதியான பழைய பேக்குகள், அவற்றின் ரசாயனப் பை பெரும்பாலும் காய்ந்து போயிருக்கும். புதிதாகச் செய்கிறவர்கள் இந்த வழியை விட்டுவிடுவது நல்லது.

800 ஐஎஸ்ஓ என்ற தலைவலி

பின்ஹோல் என்றாலே நிமிடக் கணக்கில் காத்திருக்க வேண்டும் என்று நினைப்போம். இன்ஸ்டாக்ஸில் நிலைமை நேர்மாறு. எஃப் எண் என்பது தூரத்தைத் துளையின் விட்டத்தால் வகுத்தது. நல்ல வெயிலில் எஃப்/16 வைத்தால் ஷட்டர் நேரம் ஐஎஸ்ஓ எண்ணின் தலைகீழ், அதாவது 800 ஐஎஸ்ஓவுக்கு 1/800 வினாடி. 60 மி.மீ. தூரத்துக்கு ஏற்ற 0.35 மி.மீ. துளை எஃப்/170. இது எஃப்/16-ஐவிட 113 மடங்கு குறைவான ஒளியை விடும். கணக்குப் போட்டால் நேரம் 1/7 வினாடி. கறுப்பு டேப்பை உரித்து ஒட்டும் கைக்கு அது எட்டாது. கை ஓரளவு நம்பகமாகச் செய்யக்கூடிய குறைந்தபட்ச நேரம் ஒரு வினாடி. அரை வினாடி என்று நினைத்துத் திறந்தால் சில நேரம் கால், சில நேரம் முக்கால் ஆகும். இன்ஸ்டாக்ஸில் அரை ஸ்டாப் கூடினாலே வானம் வெளுத்துவிடும்.

இதைச் சமாளிக்க மூன்று வழி உண்டு. துளையை 0.2 மி.மீ. ஆக்கலாம். எஃப்/300 ஆகும், வெயிலில் நேரம் அரை வினாடிக்குச் சற்றுக் குறைவு. ஆனால் துளை சிறுத்தால் ஒளி வளைந்து பரவுவது கூடும். 0.35 துளையில் ஒரு புள்ளி தாளில் ஏறத்தாழ 0.23 மி.மீ. அகலத்துக்குப் பரவும், 0.2 துளையில் 0.4 மி.மீ. 46 மி.மீ. அகலமுள்ள சின்ன படத்தில் இந்த மங்கல் தெளிவாகத் தெரியும், நேரச் சிக்கலும் முழுதாகத் தீரவில்லை. இந்த வழி வேண்டாம்.

இரண்டாவது, துளைக்கு முன்னால் ஒரு என்டி8 ஃபில்டர், அதாவது ஒளியை எட்டில் ஒரு பங்காகக் குறைக்கும் சாம்பல் நிறக் கண்ணாடி. மூன்று ஸ்டாப் குறைத்து 1/7 வினாடியை ஒரு வினாடியாக்கிவிடும். ஃபில்டரைத் துளைக்கு மிக அருகில் வைக்க வேண்டும், கைரேகை இருக்கக்கூடாது. சூரியன் பக்கவாட்டில் இருக்கும்போது ரேகை படம் முழுக்கப் பால் தெளித்தது போல வெளிறலாக்கும். ஃபில்டரைக் கழற்றி மாட்டும்படி வைத்தால் அதே கேமரா நிழலிலும் பயன்படும். மேகம் மூடிய பகலிலும் திறந்த நிழலிலும் ஃபில்டர் இல்லாமலே ஏறக்குறைய ஒரு வினாடி வரும்.

மூன்றாவது, வேகம் குறைந்த ஃபிலிம். எஸ்எக்ஸ்-70-இன் 160 ஐஎஸ்ஓ இங்கேதான் தன் மதிப்பைக் காட்டுகிறது. 100 மி.மீ. தூரம், 0.45 மி.மீ. துளை என்றால் எஃப்/220-ஐ ஒட்டி வரும், வெயிலில் நேரம் ஒரு வினாடிக்குச் சற்றே மேல். ஃபில்டர் எதுவும் வேண்டாம். குளிர்ந்த ஊரில் இருந்து, செலவும் தாங்கும் என்றால் பின்ஹோலுக்கென்றே செய்த ஃபிலிம் போல இது நடந்துகொள்ளும்.

அறைக்குள் கதை மாறும். ஜன்னல் வெளிச்சமுள்ள அறையில் மினிக்குக் கணக்குப்படி அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம்வரை வரும், ஆனால் ஒளிபடும் நேரம் நீள நீள ஃபிலிமின் உணர்திறன் குறைந்துகொண்டே போகும். கணக்கில் 5 வினாடி வந்தால் 8, 30 வினாடி வந்தால் 60 என்று தொடங்கி, முதல் படத்தைப் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம். சாயலும் மாறும். வண்ணம் சரியாக வேண்டும் என்பவர்கள் 10 வினாடிக்குள் முடியும் வெளிச்சத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

எந்தப் பெட்டி

முதல் வழி, கார்ட்ரிட்ஜை அப்படியே உள்ளே வைக்கும் தனிப் பெட்டி. கூடவே ஓடுகிற நிலையில் ஒரு இன்ஸ்டாக்ஸ் மினி கேமரா வேண்டும், அதில் ஒரு திருகுகூடக் கழற்ற வேண்டியதில்லை. வீட்டில் ஏற்கெனவே இருக்கும் கேமராவோ, நண்பரிடம் இரவல் வாங்கியதோ போதும். படம் எடுப்பது நம் பெட்டி, தாளை உருட்டிக் கொடுப்பது மட்டும் அந்தக் கேமரா.

செய்முறை இது. புதுக் கார்ட்ரிட்ஜைக் கேமராவில் போட்டுக் கறுப்பு மூடியை வெளியே தள்ளவிடுங்கள். கேமராவின் லென்ஸையும் ஃபிளாஷையும் கறுப்பு டேப்பால் முழுவதும் மூடுங்கள். கேமராவையும் பெட்டியையும் சேஞ்சிங் பேக்கில் (கைகளை மட்டும் உள்ளே விடக்கூடிய, ஒளி புகாத கறுப்புத் துணிப்பை) வைத்து ஜிப்பை மூடி, கேமராக் கதவைத் திறந்து கார்ட்ரிட்ஜை எடுத்துப் பெட்டிக்கு மாற்றுங்கள். கார்ட்ரிட்ஜின் ஜன்னல் துளையைப் பார்க்க வேண்டும், தாள் வெளியேறும் பிளவு மேலே இருக்க வேண்டும். பெட்டிக்குள் காட்சி தலைகீழாக விழுவதால், பிளவு மேலே இருந்தால்தான் அகல ஓரம் படத்தின் கீழே அமையும். பெட்டியை மூடி, வெளியே எடுத்து, முக்காலியில் வைத்துப் படம் எடுங்கள். மறுபடி பேக்குக்குள் போய்க் கார்ட்ரிட்ஜைக் கேமராவுக்கு மாற்றிக் கதவை மூடிவிட்டால் வெளிச்சத்துக்கு வரலாம். பொத்தானை அழுத்தினால் தாள் உருண்டு வெளியே வரும்.

கதவைத் திறந்து மூடும்போது கேமராவில் தாள்களை எண்ணிக் காட்டும் பகுதி மறுபடி தொடக்கத்துக்குப் போய்விடும். எத்தனை தாள் மீதி என்று அது சொல்லாது. பெட்டியின் மேல் ஒரு தாள் ஒட்டி, ஒவ்வொரு படத்துக்கும் கோடு போட்டு வாருங்கள். இதை விட்டால் ஒரே தாளில் இரண்டு படம் விழும், அல்லது காலிக் கார்ட்ரிட்ஜில் ஒரு சூரிய அஸ்தமனத்தை எடுத்திருப்பீர்கள்.

கார்ட்ரிட்ஜின் முதுகில் இரண்டு செவ்வகத் திறப்புகள் இருக்கும். கேமராக் கதவில் உள்ள அழுத்திகள் அந்த வழியாகத்தான் தாள்களை முன்னே தள்ளி நிறுத்துகின்றன. பெட்டியின் பின்கதவிலும் அந்த இரண்டு இடத்தில் மெத்தென்ற ஸ்பாஞ்ச் துண்டுகளை ஒட்ட வேண்டும். இல்லாவிட்டால் தாள் உள்ளே வளைந்து நிற்கும். விரலால் அங்கே அழுத்துவது கூடாது.

பெட்டிக்கு 2 மி.மீ. பைண்டிங் அட்டை அல்லது 3 மி.மீ. எம்டிஎஃப் போதும். வெள்ளை ஃபோம் போர்டு ஒளியைக் கசியவிடும், வெட்டிய ஓரங்களில் இன்னும் மோசம். மூடி பெட்டியின் மேல் குறைந்தது 25 மி.மீ. ஏறி மூடும்படி, தீப்பெட்டி உறைபோல, செய்ய வேண்டும். உட்பக்கம் கரும்பலகைக்கு அடிக்கும் கறுப்பு பெயின்ட். பளபளக்கும் கறுப்பு எனாமல் வேண்டாம், பக்கச் சுவரில் பட்ட ஒளி தாளுக்குத் திரும்பிவிடும்.

இரண்டாவது வழி, ஒரு இன்ஸ்டாக்ஸ் மினியையே பின்ஹோலாக மாற்றுவது. லென்ஸை எடுத்துவிட்டு அந்த இடத்தில் துளைத் தகட்டை வைப்பது, ஷட்டர் தகட்டைத் திறந்த நிலையிலேயே ஒட்டிவிடுவது, வெளியே நம் கையால் திறக்கும் மூடி ஒன்றை வைப்பது, அவ்வளவுதான் மாற்றம். படம் எடுத்து மூடியை மூடிய பின் கேமராவின் பொத்தானை அழுத்தினால் வழக்கம்போலத் தாளைத் தள்ளிவிடும். மின்சுற்றைத் தொடாமல் விடுவதுதான் இதில் கெட்டிக்காரத்தனம். மோட்டாருக்குத் தனியாக ஒயர் இழுத்து 3 வோல்ட் கொடுப்பவர்களும் உண்டு. ஆனால் சுவிட்சை அரைக்கணம் கூடுதலாக அழுத்தினால் கொக்கி அடுத்த தாளையும் பிடித்துவிடும், ஒளியே படாத ஒரு தாள் வீணாகும்.

திறப்பதற்கு முன் கட்டாயம் கவனிக்க வேண்டியது ஃபிளாஷ் கப்பாசிட்டர். பேட்டரியைக் கழற்றிய பின்னும் அதில் 300 வோல்ட் அளவுக்கு மின்சாரம் தங்கியிருக்கும். ஸ்க்ரூடிரைவரால் இரண்டு காலையும் இணைத்து “டப்” என்று வெடிக்கவிடுவது ஆபத்து. 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரின் கால்களுக்கு இன்சுலேஷன் கொடுத்து, கப்பாசிட்டரின் இரு முனையிலும் பத்து வினாடி வைத்துப் பிடித்து, மல்டிமீட்டரில் 5 வோல்ட்டுக்குக் கீழே வந்ததைப் பார்த்த பிறகே விரல் உள்ளே போகலாம். மல்டிமீட்டர் இல்லாதவர்கள் இந்த வழியைத் தொட வேண்டாம். அருகிலுள்ள எலக்ட்ரானிக்ஸ் ரிப்பேர்க் கடையில் இதை மட்டும் செய்து வாங்கிக்கொள்ளலாம்.

எல்லாம் பூட்டிய பிறகு ஃபிலிம் இல்லாமல், படம் எடுப்பதுபோலப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். மோட்டார் ஒரு சுற்று ஓடி நின்றால் சரி. ஷட்டர் தகட்டில் பசை அதிகமாகி வேறொரு பாகத்தையும் பிடித்துக்கொண்டால் மோட்டார் ஓடாது. பசை குண்டூசித் தலை அளவுக்கு மேல் வேண்டாம்.

மூன்றாவது, பழைய போலராய்டு 600 பெட்டிக் கேமரா. லென்ஸுக்குப் பதில் துளை, கண்ணாடியை அப்படியே விட்டுவிடுவது. ஒளி கண்ணாடியில் பட்டு மடங்கிப் போகும் பாதை சுமார் 100 மி.மீ. என்பதால் மூலை இருள்வது முக்கால் ஸ்டாப்தான், நான்கு மூலையும் தெளிவாக வரும். 600 கேமராவில் எஸ்எக்ஸ்-70 பேக்கும் உட்காரும். கண்ணாடியில் பூஞ்சை, தூசி இருந்தால் மென்மையான துணியால் மெல்ல மட்டும் துடைக்கவும், அதன் பூச்சு வெளிப்பக்கமே இருக்கிறது. இதிலும் ஃபிளாஷ் உண்டென்றால் மேலே சொன்ன எச்சரிக்கை அப்படியே பொருந்தும். தாள் வெளியே வந்ததும் சில வினாடி வெளிச்சம் படாமல் மூடிப் பிடிக்க வேண்டும். வண்ணப் படம் முழுதாகத் தெளிய 10 முதல் 15 நிமிடம் ஆகும்.

4 × 5 அங்குல லார்ஜ் ஃபார்மட் கேமரா வைத்திருப்பவர்களுக்கு லோமோகிராஃபியின் லோமோகிராஃப்லாக் பேக் இருக்கிறது. இன்ஸ்டாக்ஸ் வைட் ஃபிலிமை மோட்டாரோடு உருட்டித்தரும். லென்ஸ் போர்டுக்குப் பதில் துளைத் தகடு வைத்தால் வேலை முடிந்தது, தூரத்தையும் பெல்லோஸை (துருத்தி போன்ற மடிப்புப் பகுதி) இழுத்து மாற்றிக்கொள்ளலாம். பின்ஹோலில் ஃபோகஸ் என்று ஒன்று இல்லாததால் ஃபிலிம் நிற்கும் தளம் சற்று முன்பின் மாறினாலும் பாதகமில்லை. பின்ஹோலுக்காக மட்டுமே இதை வாங்குவது அதிகப்படி. உக்ரைனின் ஜாலிலுக் நிறுவனம் கைப்பிடி சுற்றித் தாளை வெளியேற்றும் மரத்தாலான பின்ஹோல் கிட் விற்கிறது. மோட்டார், பேட்டரி, கப்பாசிட்டர் எதுவும் கிடையாது. கைப்பிடியை ஒரே வேகத்தில் நிறுத்தாமல் சுற்ற வேண்டும், நடுவில் தயங்கினால் அந்த இடத்தில் குறுக்குக் கோடு விழும்.

இவற்றில் முதல்முறை செய்கிறவர் கார்ட்ரிட்ஜ் பெட்டியையே எடுக்கலாம். அட்டையும் டேப்பும்தான் செலவு, கெட்டுப்போவதற்கு எதுவும் இல்லை. தூரத்தை மாற்ற நினைத்தால் இன்னொரு பெட்டி ஒட்டினால் போதும். ஒரு படத்துக்கு இரண்டு முறை சேஞ்சிங் பேக்குக்குள் கை விட வேண்டும் என்பதே குறை. வெளியூர் போய் ஒரே நாளில் பத்துப் படம் எடுக்க ஆசைப்படும்போது அந்தக் குறை பெரிதாகத் தெரியும், அப்போது லென்ஸோ ஃபிளாஷோ பழுதான மினி ஒன்றைக் குறைந்த விலைக்குத் தேடி இரண்டாவது வழிக்கு மாறலாம். அதற்குள் துளையும் நேரமும் கைவந்திருக்கும், அதே துளைத் தகட்டைக் கழற்றி அங்கே வைத்துக்கொள்ளலாம்.

துளை

துளையின் விட்டத்துக்கு நம்பகமான கணக்கு: தூரத்தை மி.மீ.யில் எடுத்து 0.00055-ஆல் பெருக்கி, வர்க்கமூலம் கண்டு, 1.9-ஆல் பெருக்க வேண்டும். 50 மி.மீ.க்கு 0.32, 60-க்கு 0.35, 80-க்கு 0.40, 100-க்கு 0.45 மி.மீ. வரும். 0.03, 0.04 மி.மீ. கூடக்குறைய இருந்தால் படத்தின் கூர்மையில் தெரியாது. ஆனால் நேரக் கணக்குக்கு உண்மையான விட்டம் வேண்டும். 0.35 என்று நினைத்தது 0.42 ஆக இருந்தால் அரை ஸ்டாப்புக்கு மேல் ஒளி கூடிவிடும்.

குளிர்பான அலுமினிய கேனை வெட்டி, எழுத்துப் பூச்சை உப்புத்தாளால் தேய்த்து எடுக்கவும். பழைய தடிமனான நோட்டு அட்டையின் மேல் வைத்து, மெல்லிய தையல் ஊசியால் மெதுவாக அழுத்திச் சின்னக் குழி மட்டும் விழச் செய்யவும், துளைத்துவிடக் கூடாது. திருப்பிப் போட்டு, புடைத்த பக்கத்தை 600 எண் நீர்த்தாளால் தேய்க்கவும். மறுபடி ஊசி நுனி, மறுபடி தேய்ப்பு. நாலைந்து முறையில் நடுவில் ஊசிமுனை அளவுத் துளை தானாகத் திறக்கும். பிறகு ஊசியைத் திருகி மெல்லப் பெரிதாக்கி, 1000 எண் தாளால் பிசிறை எடுக்கவும். ஒரே குத்தாகக் குத்தினால் ஓரம் கிழிந்து பிசிறாகும், தகடும் துளையிடத்தில் குழாய்போலத் தடிக்கும். இந்தத் தடிப்புதான் மூலைகளை இன்னும் இருட்டாக்குகிறது.

அளக்க ஃபிலிம் ஸ்கேனரோ சாதாரண ஃபிளாட்பெட் ஸ்கேனரோ போதும். 2400 டிபிஐயில் ஸ்கேன் செய்தால் ஒரு பிக்சல் ஏறத்தாழ 0.0106 மி.மீ. 0.35 மி.மீ. துளை 33 பிக்சல் அகலம் காட்டும். முட்டை வடிவமாகத் தெரிந்தால் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்த தகட்டை எடுங்கள். கேன் ஒன்றில் இருபது தகடு வெட்டலாம்.

எங்கே தவறுகிறது

படத்தின் ஒரு மூலையில் மட்டும் வெண்மூட்டம் இருந்தால் ஒளிக்கசிவு. இருட்டறையில் பெட்டிக்குள் செல்பேசி டார்ச்சை எரியவிட்டு மூடி, கண் இருட்டுக்குப் பழக ஐந்து நிமிடம் கழித்து எல்லாப் பக்கமும் பார்த்தால் ஓட்டை தெரிந்துவிடும். படம் தலைகீழாக வருவதால் கீழ் மூலையில் தெரியும் மூட்டத்துக்குக் காரணம் பெட்டியின் மேல் பக்கம் என்பதை நினைவில் வைக்க வேண்டும். மாஸ்கிங் டேப் ஒளியைத் தடுக்காது. கறுப்பு இன்சுலேஷன் டேப் தடுக்கும், ஆனால் வெயிலில் பசை இளகி நழுவும். மூடிக்குப் பயன்படுத்தினால் பசை துளை ஓரத்தில் ஒட்டிவிடும். மூடிக்குக் காந்தம் வைத்த சிறு தகடு சிறந்தது.

சேஞ்சிங் பேக் இல்லாமல் ராத்திரி குளியலறையில் செய்பவர்கள் கதவுக்கடியில் துண்டை அடைக்க வேண்டும். கீசரின் சின்ன விளக்கு, செல்பேசி, இருட்டில் ஒளிரும் கைக்கடிகாரம் எல்லாம் வெளியே. கறுப்பு வெள்ளை அச்சுத்தாளுக்குப் போடும் சிவப்பு விளக்கு இதற்கு உதவாது, இந்த ஃபிலிமுக்குச் சிவப்பும் தெரியும்.

ஒவ்வொரு படத்திலும் சம இடைவெளியில் ஒரே மாதிரிப் புள்ளி வந்தால் உருளையில் காய்ந்த குழம்பு ஒட்டியிருக்கிறது. ஈரத்துணியால் துடைத்து, நன்றாகக் காயவிட்டுப் போடவும். படம் முழுக்கக் கறுப்பாக வந்தால் துளை மூடியே இருந்திருக்கும், இல்லாவிட்டால் நேரம் மிகக் குறைவு. முழுக்க வெள்ளையாக வந்தால் கார்ட்ரிட்ஜ் மாற்றும்போதோ மூடி நழுவியோ ஒளி புகுந்திருக்கும். படம் இரட்டையாகத் தெரிந்தால் மூடியைத் திறக்கும்போது பெட்டி ஆடியிருக்கிறது. ஒரு வினாடிப் படத்தில் முதல் அதிர்வு கால் வினாடியைத் தின்றுவிடும். துளைக்கு முன்னால் கறுப்பு அட்டை ஒன்றைத் தொடாமல் பிடித்து, மூடியை எடுத்து, ஆட்டம் அடங்கியபின் அட்டையை விலக்குவது நல்ல பழக்கம்.

ஃபிலிமைக் குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைக்கலாம், ஃப்ரீசரில் கூடாது. எடுத்தபின் உறையைப் பிரிக்காமல் ஒரு மணி நேரம் வெளியில் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் நம்மூர் ஈரக்காற்று தாளின் மேல் வியர்க்கும்.

முதல் கார்ட்ரிட்ஜின் பத்துத் தாளையும் ஒரே காட்சிக்குச் செலவழிப்பது வீண்போல் தோன்றும், ஆனால் அதுவே மலிவான பாடம். காலை பத்து மணி வெயிலில் வெள்ளைச் சுவரும் மரமும் வானமும் சேர்ந்த ஓர் இடத்தில் பெட்டியை நிறுத்தி, என்டி8 போட்டு ஒரு வினாடியில் தொடங்குங்கள். பிறகு ஒன்றரை, இரண்டு, அதன்பின் முக்கால். நான்கு தாளில் உங்கள் துளையின் உண்மையான வேகம் தெரிந்துவிடும். அதைப் பெட்டியின் பின்னால் மார்க்கரில் எழுதிவிட்டு, ஃபில்டரைக் கழற்றி நிழலுக்கு மூன்று தாள், அறைக்குள் இரண்டு தாள் என்று செலவிடுங்கள். கடைசித் தாளை மட்டும் உங்களுக்குப் பிடித்த எதையாவது எடுக்க வைத்துக்கொள்ளலாம்.